தொங்குசுவர் என்றால் எது தொங்குகிறது?

விறாந்தை ரீச்சர் (முள்ளியவளை)

எல்லாருக்கும் வணக்கம். பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏ.எல். பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மழைவீழ்ச்சி, குளம், நெற்செய்கை என்றால் நித்திரையிலும் சொல்வேன். பாறை என்று வந்தால் நானும் பிள்ளைகளோடு சேர்ந்துதான் படிக்கிறேன்.

நேற்று பிளவுப்பெயர்ச்சி, அதாவது பாறை வெடித்து இரண்டு பக்கமும் நகர்ந்து நிற்பது, நடத்தினேன். (என்னுடைய பழைய கொப்பியில் அதற்குக் 'குறை' என்று எழுதி வைத்திருக்கிறேன். இணையத்தில் தேடினால் தமிழ்நாட்டுக்காரர் பிளவு, பிளவுப்பெயர்ச்சி என்கிறார்கள். அது வேறு தலையிடி.) கரும்பலகையில் ஒரு பெட்டி கீறி, குறுக்கே சாய்வாக ஒரு கோடு இழுத்து, ஒரு பக்கம் தொங்குசுவர், மற்றப் பக்கம் அடிச்சுவர் என்று பெயர் போட்டேன். கடைசி வாங்கில் இருக்கிற பெடியன் கையைத் தூக்கினான். "ரீச்சர், இதில எது தொங்குது?"

மேலே இருக்கிற பக்கம் என்றேன். "ரெண்டு பக்கமும் மேல் மட்டம் வரைக்கும்தானே இருக்கு" என்றான். திரும்பிப் படத்தைப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. இரண்டு துண்டும் ஒரே உயரம்.

சமாளிக்கிறதுக்காக அடுத்த படத்தில் ஒரு பக்கத்தைக் கீழே இறக்கிக் கீறி, உயர்ந்து நின்ற துண்டுக்குத் தொங்குசுவர் என்று எழுதிவிட்டேன். இரவு புத்தகத்தைத் திறந்தால் அதே படத்தில் பெயர்கள் மாறி இருக்கின்றன. போதாக்குறைக்கு ஒரு பிள்ளை, இது போன தவணை படித்த தொங்கு பள்ளத்தாக்கோடு சேர்ந்ததா என்று கேட்டிருக்கிறாள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

வரைவிலக்கணம் என்னிடம் இருக்கிறது. 'பிளவுத் தளத்துக்கு மேலே அமைந்த பாறைத்திணிவு.' அதை அந்தப் பெடியனிடம் வாசித்துக் காட்டினால் மறுபடியும் கையைத் தூக்குவான். ஏன் அந்தப் பெயர், எந்தப் படத்தைக் கண்டாலும் எது எதுவென்று எப்படிப் பிடிப்பது, இதை யாராவது ஆளுக்கு ஆள் கதைக்கிற மாதிரிச் சொல்லுங்கள். சனிக்கிழமை அடுத்த வகுப்பு.

பாலியாறு

சுகமான கேள்வி ரீச்சர். தொங்குசுவர் எப்போதும் கீழே இறங்குகிற பக்கம். பிடிமானம் இல்லாமல் தொங்கினபடியால்தான் இறங்குகிறது. இறங்கின துண்டைப் பாருங்கள், விடை அதுதான். எனக்கு ஏ.எல். புவியியலில் பி வந்தது, நம்பலாம்.

அலவாங்கு (வவுனியா)

தம்பி பாலியாறு, பி வந்ததற்குச் சந்தோசம். சொன்னது பிழை. உம்மைப் போலத்தான் அரைவாசிப் பேர் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

ரீச்சர், நான் ஓ.எல்.லோடு நின்றவன். இந்தச் சொல்லை நான் புத்தகத்தில் காணவில்லை, தலைக்கு மேலே கண்டேன். இருபது வயதில் தெற்கே ஒரு காரீயச் சுரங்கத்தில் (பென்சிலுக்குள் இருக்கிற கறுப்புக் கிரபைற்) மூன்றரை வருடம் வேலை செய்தேன். இப்போது குழாய்க்கிணறு அடிக்கிற மெசினோடு வவுனியா, செட்டிகுளம், நெடுங்கேணி என்று அலைகிறேன்.

நம்முடைய நாட்டுக் காரீயம் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிறது. போகல, கஹட்டகஹ என்று பெயர் கேட்டிருப்பீர்கள், எல்லாம் அந்த மாதிரிதான். சுவர் வெடித்த இடத்தில் கறுப்புச் சீமெந்து இறுகிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நரம்பு தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நேரே இறங்குவது அருமை. ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துதான் இறங்கும். அதைத் தோண்டி எடுக்க எடுக்க, எடுத்த இடம் ஒரு ஒடுங்கிய சாய்ந்த வெளியாக மிஞ்சும். இரண்டு பக்கமும் பாறை. ஒரு பாறை உங்கள் காலுக்குக் கீழே சரிவாகக் கிடக்கும். அதில்தான் மிதிப்பீர்கள், சாப்பாட்டுப் பொதியையும் அதில்தான் வைப்பீர்கள். மற்றது தலைக்கு மேலே, உங்கள் மேல் கவிந்துகொண்டு நிற்கும். விளக்கை மாட்டுவதென்றால் அதில்தான் மாட்டலாம்.

கால் மிதிக்கிற பாறை அடிச்சுவர். விளக்குத் தொங்குகிற பாறை தொங்குசுவர். ஐரோப்பாவில் அந்தக் காலத்துச் சுரங்கக்காரர் வைத்த பெயர், அதைத்தான் படித்தவர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அந்தப் பெடியனுக்கு நேர் பதில்: தொங்கியது விளக்கு. பாறை கவிந்து மட்டும் நின்றது.

தமிழில் அடிச்சுவர் என்பது நல்ல சொல். 'அடி' என்றால் பாதமும்தான், கீழ்ப்பக்கமும்தான், இரண்டும் பொருந்துகிறது. தொங்குசுவர்தான் ஆளை வழுக்கி விழுத்துகிறது. என்னைக் கேட்டால் கவிசுவர் என்று வைத்திருக்கலாம். யார் என்னைக் கேட்கப் போகிறார்கள்.

உங்கள் படத்தில் ஏன் குழப்பம் வந்தது என்றால், நீங்கள் பெட்டியை வெளியே நின்று பார்க்கிறீர்கள். இந்தப் பெயர்கள் உள்ளே நிற்கிறவனுக்குத்தான். அந்தச் சாய்ந்த கோட்டைக் கொஞ்சம் அகலமாக்கி, அதுக்குள் ஒரு மனிசனை நிமிர்த்திக் கீறிவிடுங்கள். அவன் காலில் படுகிறது ஒன்று, தலையில் இடிக்கிறது மற்றது.

தலையில் இடிப்பது என்றதும் ஒன்று சொல்லவேண்டும். காலையில் இறங்கினதும் முதல் வேலை அலவாங்கால் மேல்பாறையைத் தட்டுவது. நல்ல பாறை கணீர் என்று கேட்கும், கையிலும் அதிரும். கழன்ற பாறை பொத்தென்று, உள்ளே வெறுமையாகக் கேட்கும், உரல் கவிழ்த்துத் தட்டின மாதிரி. அப்படிக் கேட்டால் தள்ளி நின்று கிண்டி விழுத்திவிட்டுத்தான் மற்ற வேலை. அடிச்சுவரை யாரும் தட்டுவதில்லை, அது எங்கே விழப்போகிறது? பெரிய சுரங்கங்களில் பிரதான கிடங்கையும் பாதைகளையும் கூடுதலாக அடிச்சுவர்ப் பக்கத்தில்தான் வெட்டுவார்கள், மேல்பக்கம் நாளைக்கு இடிந்தாலும் போய்வர வழி இருக்கவேண்டும் என்று. எங்கள் இடத்தில் ஒருநாள் அவசரம் அவசரம் என்று தட்டாமல் இறக்கினார்கள். பானை மூடி அளவு துண்டு ஒன்று என் இடது தோளில் வந்து இருந்தது. அந்தக் கையைக் காதுக்கு மேலே தூக்க இப்பவும் ஏலாது, அதோடுதான் மெசின் வேலைக்கு வந்தேன். எந்தச் சுரங்கம் என்று இங்கே எழுதவில்லை.

சரி, பிளவுப்பெயர்ச்சிக்கு வருவோம். அதுவும் சாய்ந்த வெடிப்புத்தான், இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்ந்திருக்கும். உலோக நரம்புகள் கனக்க அப்படிப்பட்ட வெடிப்புகளுக்குள்தான் வந்து படிந்திருக்கின்றன. அதனால்தான் சுரங்கக்காரன் சொல் பிளவுக்கும் ஒட்டிக்கொண்டது. கவனியுங்கள், பெயர் வைக்கும்போது பாறை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தார்கள். தம்பி பாலியாறு பிழைத்த இடம் இதுதான். முதலில் எது மேலே கவிந்திருக்கிறது என்று பார்த்துப் பெயரை வைக்கவேண்டும். பிறகுதான் அது இறங்கியதா ஏறியதா என்ற கேள்வி. இறங்கியிருந்தால் இயல்புப் பிளவு, ஏறியிருந்தால் நேர்மாற்றுப் பிளவு.

படத்தில் பிடிப்பதற்கு என் தொழில் வழி ஒன்று இருக்கிறது. குழாய்க்கிணறு மேலிருந்து நேரே கீழே போகும். சாய்ந்த பிளவை அது வெட்டிக்கொண்டு போனால், முதலில் துளைப்பது எப்போதும் தொங்குசுவரைத்தான், பிளவைத் தாண்டினதும் அடிச்சுவர். இதில் மாற்றமே கிடையாது. ஆகவே படத்தில் பிளவுக்கோட்டுக்குக் குறுக்கே, மேலிருந்து கீழே ஒரு நேர்கோடு இழுக்கச் சொல்லுங்கள். பென்சில் முதலில் போகிற பக்கம் தொங்குசுவர். எந்த மேல்மட்டம் உயர்ந்து நிற்கிறது என்று பார்க்கவே தேவையில்லை.

இனிப் புட்டு. நீத்துப்பெட்டிப் புட்டு சரிவராது, குழற்புட்டு வேண்டும். சிவப்பரிசி மா என்றால் நிறம் நன்றாகத் தெரியும். மாவைக் கொஞ்சம் ஈரப்பதமாகக் குழைத்து, மா, தேங்காய்ப்பூ, மா, தேங்காய்ப்பூ என்று ஐந்து வெள்ளைப் பட்டை வருகிற மாதிரி அடுக்கி அவியுங்கள். தட்டில் நிமிர்த்தி வைத்தால் அதுதான் உங்கள் பாறைப் படைகள். கத்தியால் வெட்டினால் உதிர்ந்துபோகும். தையல் நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, ஒரு பக்கத்தில் உயரத் தொடங்கி மற்றப் பக்கத்தில் பதிவாக முடிகிற மாதிரிச் சாய்வாக அறுங்கள். மேல் துண்டு தொங்குசுவர், தட்டில் நிற்கிறது அடிச்சுவர். மேல் துண்டைச் சரிவு வழியே ஒரு பட்டை அளவுக்குக் கீழே சறுக்க விடுங்கள். இயல்புப் பிளவு. அதையே பழைய இடத்திலிருந்து சரிவு வழியே மேலே தள்ளுங்கள். நேர்மாற்று.

பிறகு பப்பாசி இலைக்காம்பு ஒன்றை நறுக்கி, அந்தக் குழலை மேலிருந்து நேரே கீழே குத்தி எடுங்கள். அதுதான் குழாய்க்கிணறு. சறுக்கின புட்டில் குத்தினால் ஐந்து பட்டைக்கு நாலுதான் குழலில் வரும், ஒன்றைக் காணோம். தள்ளின புட்டில் குத்தினால் ஆறு வரும், ஒரே பட்டை இரண்டு தரம் வந்திருக்கும். எண்ணெய்க்குத் துளைக்கிறவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள், படை ஒன்று குறைந்தால் இயல்புப் பிளவைத் தாண்டியிருக்கிறோம், திரும்பவும் வந்தால் நேர்மாற்று. எங்கள் வவுனியாக் கருங்கல்லில் அப்படி ஒழுங்கான படை இல்லை, எனக்கு அந்தக் கணக்கு உதவியதில்லை. ஆனால் புட்டில் சரியாக வரும், நான் செய்து பார்த்திருக்கிறேன்.

இரணைமடு

அலவாங்கு அண்ணை சொன்னதற்கு மேல் கூட்ட அதிகம் இல்லை. பேராதனையில் பாறைவியல் படிக்கிறேன். முதல் வருடம் எங்களுக்கும் இதே குழப்பம்தான், புட்டு உதாரணம் யாரும் சொல்லித்தரவில்லை.

தொங்கு பள்ளத்தாக்கு முற்றாக வேறு. பனிக்கட்டியாறு பெரிய பள்ளத்தாக்கை ஆழமாக அரிக்க, கிளைப் பள்ளத்தாக்கு உயரத்திலேயே நின்றுவிடுவதுதான் அது. 'தொங்கு' என்ற சொல் மட்டும் பொது.

பிளவு முழுக்க நிலைக்குத்தாக இருந்தால் தொங்குசுவரும் இல்லை, அடிச்சுவரும் இல்லை. அண்ணையின் பென்சில் கோடு பிளவை வெட்டவே வெட்டாது. அந்த இடத்தில் கிழக்குப் பக்கம், மேற்குப் பக்கம் என்றுதான் எழுதவேண்டும். இரண்டு இயல்புப் பிளவுகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருந்தால் நடுவில் இறங்குகிற துண்டு இரண்டுக்கும் தொங்குசுவர். பிளவுப் பள்ளத்தாக்கு அப்படித்தான் உருவாகிறது. பிள்ளைகள் இதைக் கீறிப் பழகினால் நல்லது.

ஏன் சில இடத்தில் இறங்குகிறது, சில இடத்தில் ஏறுகிறது என்பதையும் சொல்லிக்கொடுங்கள் ரீச்சர். நிலம் இழுபட்டால் மேல் துண்டு தன் பாரத்தில் சறுக்கும், நெருக்குப்பட்டால் மேலே ஏறும். இரண்டுக்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு.

இழுபட்டதற்கு மன்னார்க் கடல். கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் நிலம் இழுபட்டு, தொங்குசுவர்த் துண்டுகள் படிப்படியாக இறங்கி, அந்தப் பள்ளத்தில் கிலோமீற்றர்க் கணக்கில் படிவுகள் சேர்ந்தன. 1970களில் பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிட்டதும், 2011இல் மன்னார்க் கடலுக்கு அடியில் இயற்கை வாயு கண்டதும் அப்படி இறங்கிய நிலங்களில்தான்.

நெருக்குப்பட்டதற்கு உதாரணம், முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்குச் சொல்லுவதா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவெடுக்கவேண்டும். 2004 டிசம்பர் 26, சுனாமி. சுமாத்திராவுக்கு மேற்கே இந்தியத் தட்டு (பூமி ஓட்டின் பெரிய துண்டு ஒன்று) கிழக்கு நோக்கிச் சாய்வாகக் கீழே போகிறது. அது அடிச்சுவர். அதன்மேல் கவிந்திருக்கிற கடலடித் தட்டு தொங்குசுவர். இரண்டும் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டு, மேல் தட்டின் விளிம்பு வளைந்து இழுபட்டுக்கொண்டே இருந்தது. அன்று காலை நம் நேரம் ஏழு மணிக்குச் சற்று முன்னர் பிடி விட்டது. ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளவு ஓடியது. தொங்குசுவரின் விளிம்பு சில மீற்றர் மேலே எழும்ப, அதன்மேல் நின்ற கடலும் சேர்ந்து எழும்பியது. இரண்டு மணித்தியாலமளவில் அது நம் கரைக்கு வந்தது. நாங்கள் எழும்பின பக்கத்துக்கு நேரே இருந்தபடியால் நீர் முதலில் உயர்ந்தது. விளிம்பு எழும்பும்போது அதற்குக் கிழக்கே கடலடி தாழ்ந்தது. தாய்லாந்து அந்தத் தாழ்ந்த பக்கத்தைப் பார்த்து இருந்தது, அங்கே கடல் முதலில் உள்வாங்கியது.

இலங்கை இருப்பதும் அந்த இந்தியத் தட்டிலேயே. சுமாத்திராவில் கீழே போகிற அதே தட்டு.

பாலியாறு

ஒப்புக்கொள்கிறேன். பி வந்தது கேள்வி இந்தப் பக்கம் வராதபடியால்தான் போல.

விறாந்தை ரீச்சர் (முள்ளியவளை)

சனிக்கிழமை புட்டு அவித்தேன். முதல் புட்டு நூலைத் தொட்டதுமே நொறுங்கிவிட்டது, அதைப் பிள்ளைகள் சம்பலோடு முடித்துவிட்டார்கள். இரண்டாவதற்குக் கூடத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன், நின்றது. எது தொங்குது என்று கேட்ட பெடியனைக் கொண்டே அறுக்க வைத்தேன். பப்பாசிக் குழலை அவனே குத்தி, ஈர்க்கால் மெல்லத் தள்ளி வாழையிலையில் எடுத்துப்போட்டு எண்ணினான். நாலு. மூன்றாவது புட்டில் ஐந்தரை என்றான், அரையை எங்கே என்று தேடினால் குழலின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறு.

பென்சில் கோட்டு வழி எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பழைய வினாத்தாள் படங்கள் ஏழு கொடுத்தேன், ஒரு பிள்ளை ஒன்றில் மட்டும் விட்டாள். அதில் பிளவு நிலைக்குத்து. தம்பி இரணைமடு சொன்னதை நானே மறந்துபோய்ப் படத்தைச் சேர்த்திருக்கிறேன், பிழை என்னுடையது.

மன்னாரைச் சொன்னேன். மற்றதையும் சொன்னேன். இந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், அவர்களுக்கு அது வருடா வருடம் விளக்கு ஏற்றுகிற நாள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கடற்கரையில் இருந்து ஈர உடுப்போடு வந்த சனம் எங்கள் வளவில்தான் அன்று இரவு படுத்தது. கடல் முதலில் உள்ளே போகாமல் நேரே பொங்கி வந்தது என்று சின்னம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா. தொலைக்காட்சியில் காட்டிய தாய்லாந்துப் படத்தை வைத்து, அவவுக்குப் பயத்தில் மறந்துபோயிற்று என்று நாங்கள் நினைத்திருந்தோம். நேற்று போன் எடுத்து, நீங்கள் சொன்னதுதான் சரி சின்னம்மா என்றேன். "எனக்குத் தெரியாதா" என்றுவிட்டு, கத்தரிக்கன்று நட்டதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டா.

அலவாங்கு அண்ணை, இன்னும் ஒன்று. நூலால் அறுத்த இடத்தில், இரண்டு துண்டும் உரசின வழி நெடுக மாவும் தேங்காய்ப்பூவும் நொறுங்கிக் கலந்து கிடந்தது. மற்ற இடம் எல்லாம் இறுக்கமாக இருந்தது. உண்மைப் பாறையிலும் அப்படியா என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

அலவாங்கு (வவுனியா)

அந்தப் பிள்ளையை மெசினுக்கு அனுப்பிவிடுங்கள், நான் வேலை தருகிறேன்.

அப்படியேதான் ரீச்சர். இரண்டு சுவரும் உரசின இடம் நொறுங்கிக் கிடக்கும். எங்களுக்குத் தண்ணீர் கிடைப்பதும் கூடுதலாக அப்படிப்பட்ட இடங்களில்தான். கருங்கல்லுக்குள் தண்ணீர் நிற்க இடம் ஏது, வெடிப்பும் நொறுங்கலும்தானே. போன மாதம் நெடுங்கேணிப் பக்கம் ஒரு வளவில் அடித்தோம். நூற்றிருபது அடி வரைக்கும் காய்ந்த வெள்ளைத் தூள்தான் மேலே வந்தது, வீட்டுக்காரர் கதிரையில் இருந்தபடி என்னையும் தூளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நூற்றி முப்பதுக்குக் கிட்ட மெசின் சத்தம் மாறியது, குழாய் அரை அடி தானாக இறங்கியது, தூள் துருநிறமாகி, பிறகு சேறாகி, பிறகு தண்ணீராக அடித்தது.

எல்லா இடத்திலும் அப்படி என்று நினைக்கவேண்டாம். சில இடத்தில் அந்த நொறுங்கல் மிச்சம் மீதி இல்லாமல் அரைபட்டு, வழுவழுவென்று களியாகிவிடும். அது தண்ணீரை விடாது, மறித்துக்கொண்டு நிற்கும். அப்படி ஒன்றில் இருநூறு அடி அடித்தும் ஒரு வாளி தண்ணீர் வரவில்லை, வேலிக்கு அங்கால் பக்கத்து வளவில் கிணறு முட்டி நிற்கிறது. வீட்டுக்காரிக்கு நான் இதெல்லாம் விளங்கப்படுத்தினேன். அவ காசு தரமாட்டேன் என்றுவிட்டா.